கட்டை வெச்சாச்சா?

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வண்டி பின்னால் போவதற்கு யோசித்தது. இவர் ரிவர்ஸில் போட்டுவிட்டுக் காத்திருந்தார், வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு ஒரு உதறல், அப்புறம்தான் நகர்ந்தது. பின்சீட்டில் என் நாத்தனார், இவருடைய அக்கா, மடியில் போர்வையும் பையுமாக. "என்னடா தம்பி, வண்டிக்கும் கிட்னி போயிடுச்சா?" என்று கேட்டார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு இந்த ஜோக்கைச் சொல்ல உரிமை உண்டு. நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

செவ்வாய், வியாழன், சனி. போகிற வழியில் என்னை வேலைக்கு டைல்ஸ் கடை வாசலில் இறக்கிவிடுவார்கள். அதுவரை நாத்தனாரின் உத்தரவுகளைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். "இப்ப இடது... நேரா போ... பங்க் தாண்டி வலது." ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத மனுஷி. முன்பெல்லாம் இப்படி இல்லை, ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார். வயதானால் வாய் நீளும் போலிருக்கிறது. இவரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சொன்ன பக்கம் திருப்புகிறார். என்னிடம் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போகிறதோ.

மார்ச் 6, வியாழன்

இவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். கியர் ஆயில் கருத்துப்போய்த் தீய்ந்த வாடை அடிக்கிறதாம். ஆனால் ஒர்க்‌ஷாப்காரர் மாற்றித்தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வண்டி வாங்கியதிலிருந்து மாற்றாத ஆயில். உள்ளே தேய்ந்த தூளெல்லாம் அந்தப் பழைய ஆயிலில்தான் கலந்திருக்கிறது, அந்தத் தூள்தான் இப்போது பிடிமானம், புது ஆயிலை ஊற்றினால் சறுக்க ஆரம்பித்துவிடும் என்றாராம். "தொடாம விட்டா இன்னும் கொஞ்ச நாள் ஓடும் சார். தொட்டா நான் பொறுப்பில்ல."

இவரிடம் போய் தொடாதே என்றால்? வாழ்நாள் முழுக்க லிப்ட் மெக்கானிக். வீட்டில் மிக்ஸி முதல் மோட்டார் வரை வேறு ஆள் கை பட்டதில்லை. அடுத்த ஞாயிறு நாமே மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டார். 'நாமே' என்றால் அடியில் இவர், மேலே எடுபிடிக்கு நான்.

எனக்கு என்னவோ அந்த ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது காதிலேயே நின்றுவிட்டது. தொடாமல் விட்டால் ஓடும்.

மார்ச் 9, ஞாயிறு

பில்டர், கேஸ்கட், ஆயில் எல்லாம் வாங்கி வந்து மேஜையில் பரப்பி எனக்குப் பாடம் எடுத்தார். கியர் பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினால் ஆயில் கொட்டும். உள்ளே பில்டர். அதன் கழுத்து மேலே ஒரு துளையில் செருகியிருக்கும், கழுத்தைச் சுற்றி ஒரு ரப்பர் ரிங். பழைய பில்டரை இழுக்கும்போது ரிங் அதோடு வராமல் துளையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் புதுசைச் செருகினால் சரியாக உட்காராது. காற்றை உறிஞ்சும், ஊளையிடும், கொஞ்ச நாளில் கியர் பாக்ஸே போய்விடும்.

"பாதிப் பேர் கோட்டை விடறது இந்த ரிங்குலதான்" என்று அதைச் சுண்டுவிரலில் மாட்டிக் காட்டினார். இப்படிப் பேசும்போது இவருக்குப் பத்து வயது குறைந்துவிடும். அதைப் பார்க்கவே நான் எதையாவது கேட்டுக்கொண்டிருப்பேன்.

கட்டைகளையும் எடுத்துத் தூசி தட்டி வைத்தார். பின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இவரே அறுத்த இரண்டு மரக்கட்டைகள். எங்கள் வாசல் தரை கேட்டைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால் கியரைப் பார்க்கிங்கில் போட்டும் பிரயோஜனம் இல்லை, அது பிடிப்பது முன் சக்கரங்களை மட்டும், அவை அந்தரத்தில் இருக்கும். பின் சக்கரத்துக்கு ஹேண்ட்பிரேக்தான் கதி. ஆட்டோமேட்டிக் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் யார் ஹேண்ட்பிரேக் போட்டார்கள்? கேபிள் தளர்ந்து கிடக்கிறது. ஆகவே கட்டைதான் உயிர்.

அதற்கென்று இவருடைய தொழில் சட்டம் ஒன்று உண்டு. லிப்ட் குழியில் ஒருவர் கீழே, ஒருவர் மேலே. கீழே இருப்பவர் "ஆஃப் பண்ணியாச்சா?" என்று கேட்பார். மேலே இருந்து "பண்ணியாச்சு" என்று வந்தால்தான் கையை உள்ளே விடுவார். பதில் வராமல் கை போகக்கூடாது. பதில் வந்தபின் எழுந்துபோய்ப் பார்க்கக்கூடாது. பார்க்கத் தோன்றினால் அந்த ஆளோடு வேலை செய்யக்கூடாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் "கேஸ் மூடியாச்சா?" என்று கேட்டேன், "மூடியாச்சு" என்றார், நான் அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அதுவே வீட்டுப் பழக்கமாகிவிட்டது. வாசல் கேட், கேஸ், இஸ்திரிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி, ஒரு பதில். இத்தனை வருஷத்தில் அதற்கப்புறம் நான் எழுந்துபோய்ப் பார்த்ததே இல்லை.

மார்ச் 13, வியாழன்

கடையிலிருந்து வந்தால் வராந்தாவில் புது ஆயில் கேன்கள். ஏற்கெனவே வாங்கியது அலமாரியில் அப்படியே இருக்கிறது. "இது எதுக்குங்க?" என்றேன். கொஞ்சம் விழித்துவிட்டு, எதற்கும் கூட இருக்கட்டும் என்றார்.

ரசீதைப் பார்த்தேன். அதே கடை, அதே அளவு, அதே ஆயில். இருக்கட்டும். எனக்கே சில நாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடத் தோன்றுகிறது.

மார்ச் 16, ஞாயிறு

 நடந்ததை அப்படியே எழுதி வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காலையிலேயே தொடங்கினோம். வண்டியைச் சிறிது நேரம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கினார், கை பொறுக்கிற சூடு. பிறகு "கட்டை வெச்சாச்சா?" என்றார். "வெச்சாச்சு" என்றேன். ஜாக்கி ஏறியது, வண்டியைத் தாங்க ஸ்டாண்டுகள் நின்றன. அட்டையை விரித்துப் படுப்பதற்கு முன் இன்னொரு முறை கேட்டார். சரி, அடியில் போகிறவர், ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று பதில் சொன்னேன். முதல் போல்ட்டைத் திருகியதும் மறுபடியும். "என்னங்க, கட்டைக்கே அலுத்துப்போச்சு" என்றேன்.

அடியில் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். பிறகு, "முன்னாடியே கேட்டேனா?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். குரலில் விளையாட்டு இல்லை.

ஆயில் கொட்டியது. சிவப்பாக இருக்கவேண்டியது கறுப்பாக, கெட்ட வாடையோடு வந்தது. அடித்தட்டிலிருந்த காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு அப்பியிருந்தது, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்றது. நான் தட்டைக் கழுவித் துடைத்தேன். இவர் பழைய பில்டரை இழுத்து வெளியே தள்ளினார், நான் அதைக் குப்பைச் சாக்கில் போட்டேன். புதுசைக் கையில் கொடுத்தேன். அதைப் பிடித்தபடி அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். வெகுநேரம். கை அசையவில்லை. "என்னங்க?" என்றதும் "ஒண்ணுமில்ல" என்று செருகினார். தட்டை மாட்டி, போல்ட்டுகளை முடுக்கி, மேலேயிருந்து புனல் வைத்துப் புது ஆயிலை ஊற்றினோம். வண்டியை இறக்கி, கட்டையை எடுத்துச் சுவரோரம் வைத்தார். ஸ்டார்ட் செய்து கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தார். ஆயில் பார்க்கும் குச்சியில் அளவு சரியாக இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

நாத்தனாருக்கு மாத்திரை நேரம். தண்ணீரை அளந்துதான் கொடுக்கவேண்டும், ஒரு மடக்கு கூடினாலும் மூச்சு வாங்கும். அதை முடித்துவிட்டு வெளியே வந்தேன்.

வண்டி மறுபடி ஜாக்கியில் நிற்கிறது. இவர் கால்கள் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்கப் போயிருக்கிறார். கட்டைகள் சுவரோரம்.

நான் கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டு எதையாவது தட்டிவிட்டால்? செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். இரண்டு கட்டையையும் எடுத்துப் பின் சக்கரங்களுக்கு அடியில் செருகி, இவர் செய்கிற மாதிரியே குதிகாலால் இறுக்கினேன். அதுவரை அந்த வண்டியைப் பிடித்து வைத்திருந்தது தளர்ந்துபோன ஒரு கேபிள்.

அடியிலிருந்து சாதாரணமாகக் கேட்டார். "கட்டை வெச்சாச்சா?"

"வெச்சாச்சு" என்றேன். எந்தக் குரலில் சொன்னேன் என்று தெரியவில்லை.

நான் உள்ளே இருந்தபோதும் கேட்டிருப்பாரா? யாரும் பதில் சொல்லாமலே உள்ளே போனாரா? இல்லை, பதில் வந்ததாக நினைத்தாரா? எது மோசம்? எனக்கு ரொம்ப பயமா இருக்கு.

மார்ச் 18, செவ்வாய்

வண்டி ஊளையிடுகிறது. மெல்லிசாக, வேகம் கூடக் கூட உயருகிறது. ரிவர்ஸ் முன்னைவிட அதிகமாக யோசிக்கிறது. புது ஆயில், பழக நாளாகும் என்கிறார். நாத்தனார் சத்தமே இல்லை என்கிறார். எனக்கு நன்றாகக் கேட்கிறது. நாளெல்லாம் டைல்ஸை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சத்தத்தில் பிரிக்கிறவள் நான். என் காதுக்கா தெரியாது?

மார்ச் 20, வியாழன்

ஊளை கூடியிருக்கிறது. இவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறார்.

மார்ச் 22, சனி

சனிக்கிழமையில் மத்தியானத்துக்கெல்லாம் இருவரும் வீடு திரும்பிவிடுவார்கள். நான் வேலை முடிந்து சாயங்காலம் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. உள்ளே இவருடைய போன் சார்ஜரில். நாத்தனார் போன் அணைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அவர்கள் அப்போதே கிளம்பிவிட்டார்களே என்று நர்ஸ் சொன்னார்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவிளக்கு எரிந்த பிறகு அந்த ஊளைச் சத்தம் கேட்டது. வண்டி கண்ணில் படும் முன்பே கேட்டது.

"டிராபிக்" என்றார். எந்த டிராபிக் என்று கேட்கவில்லை. நாத்தனாரைத் தூக்கித்தான் இறக்கவேண்டியிருந்தது. உதடு வெளுத்து, கை குளிர்ந்து கிடந்தது. சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

இவர் குளிக்கப் போனதும் நாத்தனார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். "அண்ணி, நேத்து எங்க போனீங்க?" சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

கடைசியில் பேசினார். டயாலிசிஸ் முடிந்ததும் நேற்று ரத்த அழுத்தம் இறங்கி, வண்டியில் ஏறியதும் தூங்கிவிட்டாராம். விழித்துப் பார்த்தால் வண்டி ஒரு பெரிய கட்டடத்தின் பின்வாசலில் நிற்கிறது. இவர் முன்பு வேலை பார்த்த இடம். ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னடா என்றதற்கு, மேலே ஆள் இருக்கான், பதில் வரட்டும் என்றாராம். எவ்வளவு நேரமாக அங்கே நின்றார்கள் என்று நாத்தனாருக்கே தெரியவில்லை.

"நான் வழி சொல்லிட்டே வர்றது வாய்க்கொழுப்புன்னுதானே நெனச்சே?" என்றார்.

 அப்படித்தான் நினைத்தேன். இந்த நோட்டிலேயே எழுதியும் வைத்திருக்கிறேன்.

போன மழைக்காலத்திலிருந்தே இப்படித்தானாம். ஒருநாள் சிக்னலில் நின்று, "அக்கா, இப்ப எந்தப் பக்கம்?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாராம். அன்றிலிருந்து, தம்பி கேட்கும் நிலைமை வரக்கூடாது என்று, கேட்பதற்கு முன்பே சொல்லிக்கொண்டு வருகிறார். உடம்பில் பாதி உயிரோடு, பின்சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பமாக. நேற்று ஒருநாள் தூங்கிவிட்டார்.

"அவன்கிட்ட கேக்காத. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவான்."

"தெரியாமப் போனா நீங்க ரெண்டு பேரும் போயிடுவீங்க அண்ணி" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

மார்ச் 25, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரை கூடவே போனேன். பங்க் வந்தது. நாத்தனார் வாயைத் திறந்தார், நான் பின்னால் கையை நீட்டி அவர் கையை அழுத்தினேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வலது பக்கம் திரும்பவில்லை. நேராகப் போனார். கடைகள் முடிந்து, வீடுகள் முடிந்து, இருபுறமும் வெறும் சுவர். வண்டி ஊளையிட்டுக்கொண்டே போகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. முகத்தில் வியர்வை. அவருக்கும் பயம் என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் பயத்தோடுதான் ஓட்டியிருக்கிறார்.

"எங்கங்க போறோம்?" என்றேன்.

"கியர் மாற மாட்டேங்குது. அதான் நேராவே போறேன்" என்றார்.

நாத்தனார்தான் பின்னாலிருந்து மெதுவாக, "தம்பி, திருப்பிக்கோ. இடது" என்றார். திருப்பினார். அப்புறம் ஆஸ்பத்திரி வரை அந்தக் குரல் நிற்கவே இல்லை.

மார்ச் 27, வியாழன்

சாவியைக் கேட்டேன். நேராகவே கேட்டேன். டாக்டரிடம் போகலாம், அதுவரை நான் ஓட்டுகிறேன், என்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது என்றேன்.

"கோளாறு வண்டில. எனக்கில்ல" என்றார். ஒர்க்‌ஷாப்காரன் சொன்ன மாதிரியே ஆயிலை மாற்றியதால்தான் எல்லாம், வண்டி சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசிக்கொண்டே போனார். சாவியைச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டார்.

வாடகை வண்டி பிடித்து நானும் நாத்தனாரும் போனோம். திரும்பிப் பார்த்தேன். கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். கை இன்னும் பையின் மேலேயே இருந்தது. இவ்வளவு நாளில் இவரை இப்படி விட்டுவிட்டுப் போனதில்லை.

மார்ச் 30, ஞாயிறு

வண்டியைப் பற்றிப் பேச்சில்லை. 

குப்பைச் சாக்கை ஒழித்தேன். பழைய பில்டர் கையில் வந்தது. எறியப் போனவள் நின்றுவிட்டேன். கழுத்தைச் சுற்றி வெறும் பள்ளம். ரிங் இல்லை. சாக்கைக் கொட்டிக் கிளறினேன். இல்லை. அன்று இவர் பார்த்துக்கொண்டே கிடந்த துளை ஞாபகம் வந்தது. பழைய ரிங் அங்கேயே நிற்கிறது. காற்றை உறிஞ்சும், ஊளையிடும் என்று எனக்குப் பாடம் எடுத்தவரே.

முதலில், என் காது பொய் சொல்லவில்லை என்று ஒரு சந்தோஷம் வந்தது. சந்தோஷமாம். அப்புறம் கொட்டிய குப்பைக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறைக்கலாமா என்று யோசித்தேன். ஏற்கெனவே இந்த வீட்டில் ஒருவர் மறைத்தது போதும். எடுத்துப்போய்க் காட்டினேன். கழுத்தை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"இது நான் கழட்டினதா?"

"ஆமாங்க."

பில்டரை மேஜையில் வைத்துவிட்டு, "அப்ப ரிங் மேலயே நிக்குது" என்றார். தொழில்காரரின் குரல், தெளிவாக. புது ரிங் எங்கே கிடைக்கும், தட்டையும் கேஸ்கட்டையும் எப்படிக் கழற்றுவது என்று வரிசை பிசகாமல் சொன்னார். ஊற்றுவதற்கு ஆயில்தான் ஒரு முழு செட் கூடுதலாக இருக்கிறதே. அதை வாங்கி வந்த நாள் இருவருக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிறகு சொன்னார், "இந்தத் தடவை நீ கீழ போ. நான் மேல இருக்கேன். எனக்குத் தோள் வலிக்குது."

தோள் எதுவும் வலிக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவருடைய பழைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டேன். நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்து, "நல்ல மெக்கானிக்கைத்தான் புடிச்சிருக்கான்" என்றார்.

ஜாக்கியை இவர் ஏற்றினார், ஸ்டாண்டு வைத்தார். நான் அட்டையில் படுத்து உள்ளே நகர்ந்தேன். முகத்துக்கு மேலே கறுப்பாக, கனமாக அந்த வண்டி. அடியிலிருந்து பார்த்தால் அது எவ்வளவு பெரியது என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. தெரிந்துதான் இவர் ஒவ்வொரு முறையும் என் பதிலை நம்பிப் படுத்திருக்கிறார்.

"கட்டை வெச்சாச்சா?" என்று கேட்டேன்.

"வெச்சாச்சு." பழைய குரல். தயக்கமே இல்லை.

ஸ்பேனரைப் போல்ட்டில் வைத்தேன். கை போகவில்லை. போ, பதில் வந்தாச்சு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கேஸ் மூடியாச்சு என்றபோது எழுந்துபோய்ப் பார்த்த அந்த நாள் நினைவுக்கு வந்தது, சுவரோரம் கிடந்த கட்டைகளும் வந்தன. கண்ணை மூடினேன். முடியல. சத்தியமா முடியல.

நகர்ந்து வெளியே வந்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன்.

இரண்டும் இருந்தன. ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒன்று, குதிகாலால் இறுக்கிய தடம் பதிந்திருந்தது. என்னைவிட நன்றாக வைத்திருந்தார்.

திரும்பினேன். ஜாக்கியருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. "இல்லங்க, நான் சும்மா..." என்று ஏதோ உளறினேன்.

கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். பானெட்டின் மேல் வைத்தார்.

"எந்திரிச்சுப் பாக்கத் தோணிட்டா அந்த ஆளோட வேலை பாக்கக் கூடாது" என்றார். "உன்மேல தப்பில்ல. நானா இருந்தாலும் பாத்திருப்பேன்."

நான் அழுதேன். இவர் அழவில்லை. அழுது முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, "ஆயில் ஆறிடும். போ" என்றார். யாரோடு வேலையை முடிப்பது என்று கேட்டேன். இவர் போய்ப் பின் சக்கரத்தருகே தரையில் உட்கார்ந்தார். ஒரு காலை நீட்டிக் கட்டையின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். "இப்பப் போ" என்றார்.

அடியிலிருந்து பார்த்தால் அந்தக் கால் எனக்குத் தெரிந்தது. வேலை முடியும் வரை அது நகரவில்லை. துளையில் ரிங் நின்றுகொண்டிருந்தது, பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போய். முனை வளைந்த திருப்புளியால் எப்படி நெம்பவேண்டும் என்று அங்கே உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுத்தார். என் உள்ளங்கையில் விழுந்தது. இவ்வளவு சின்னது.

மாட்டி, ஊற்றி, இறக்கி, ஸ்டார்ட் செய்தேன். ஊளை இல்லை. ரிவர்ஸில் போட்டதும் யோசிக்காமல் நகர்ந்தது. "உள்ள கொஞ்சம் தேஞ்சுதான் இருக்கும். இனி மெதுவா ஓட்டினா போதும்" என்றார். வண்டியைத்தான் சொன்னார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நான் ஓட்டினேன். பக்கத்தில் இவர், பின்னால் நாத்தனார். நான் ஓட்டினால் ஏறவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நாத்தனார், ஏறிய கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். வழி முழுக்க ஒரு சத்தம் இல்லை, வண்டியிலும் இல்லை, பின்சீட்டிலும் இல்லை. அவரை டயாலிசிஸில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் மாடியில் நரம்பு டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். அடுத்த வாரம் ஸ்கேன்.

காலையில் கிளம்பும்போது, வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு நான் இறங்கிப்போய்க் கேட்டைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"கேட் மூடியாச்சா?" என்றார்.

"மூடியாச்சு" என்றேன்.

இவர் திரும்பிப் பார்க்கவில்லை.